தலையாட்டாத தோழி

பெரிய மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் மூன்று ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலில் வரிசை மெதுவாகத்தான் நகரும். இருந்தாலும் கூட்டம் அங்கேதான் நிற்கும். உள்ளே இருப்பவள் என் கடைசித் தங்கையின் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் ரேடியோ. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு வாய். அவருக்குப் பிறகு நடுவில் ஒருவருக்கும் வராமல் நேராக இவளிடம் வந்து இறங்கிவிட்டது.

மாத்திரையை நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட மாட்டாள். முகத்துக்கு நேரே பார்த்து, எதை எப்போது சாப்பிடுவது என்று விரலைக் காட்டிச் சொல்வாள். வந்தவர் "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டினால் பிடித்துக்கொள்வாள்.

"ஆட்டாதீங்க ஐயா. எது காலையில, எது ராத்திரி? இப்ப நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

இந்தப் பழக்கம் மருந்துப் படிப்பில் வந்ததல்ல. ஏழாம் வகுப்பு பெஞ்சில் வந்தது.

அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் இருந்தவள் பஞ்சர் கடைக்காரர் மகள். பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பேசவும் செய்வாள், பழகியவர்களுக்கு விளங்கும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவளுக்குப் பாடம் அறுந்துவிடும். உடனே ரேடியோவுக்கு முழங்கையால் ஒரு இடி. இவள் பாடத்தை நாலு வார்த்தையாகச் சுருக்கி, அவள் பக்கம் முகம் திருப்பி, சத்தமில்லாமல் வாயை அசைப்பாள். விளங்காவிட்டால் அவள் பெஞ்சை விரலால் தட்டுவாள். வேறு மாதிரி சொல்ல வேண்டும். விளங்கும்வரை தட்டு நிற்காது.

என் தங்கை இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் நம்பிக்கையெல்லாம் மகள் படிப்பின் மேல்தான். துணி கொடுக்க வந்த ஒருத்தி, "உன் பொண்ணு வாயை வாடகைக்கு விட்டிருக்கா போல" என்று சிரித்துவிட்டுப் போனாள். அது தைத்துவிட்டது. மறுநாளே பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"என் பொண்ணு படிக்க வர்றாளா, பக்கத்துப் பொண்ணுக்குப் பாடம் சொல்ல வர்றாளா? தள்ளி உக்கார வைங்க."

தள்ளி உட்கார வைத்தார்கள். பஞ்சர் கடைக்காரர் மகள் முன் பெஞ்சில் தனியாக, டீச்சரின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் பாடத்தில் பின்தங்கவே, கொஞ்ச நாளில் பெரிய டீச்சர் அவள் அப்பாவைக் கூப்பிட்டார். காது கேட்காத பிள்ளைகளுக்கென்று தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம், விடுதியோடு இருக்கிறது, பரீட்சை லீவு முடிந்ததும் அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். அந்தப் பெண் போகமாட்டேன் என்று அழுதாள். அவர் வேறு வழி தெரியாமல் ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்தார்.

இந்தப் பக்கம் ரேடியோ மங்கிப்போனாள். ஒருநாள் சாயங்காலம் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு என்னடி பாடம்?"

"ஈரத்துணி காத்துல ஏன் சீக்கிரம் காயுதுன்னு."

"ஏனாம்?"

"தெரியலம்மா. டீச்சர் சொன்னாங்க. காதுல விழுந்துச்சு, உள்ள நிக்கல."

"போன மாசம் வரைக்கும் வாய் ஓயாம ஒப்பிப்பியே?"

"அப்பல்லாம் அவளுக்குச் சொல்லணுமே. அவளுக்குச் சொன்னாத்தான் எனக்கே புரியும்."

"அவ்வளவுதானே? புத்தகத்தை எடு. எனக்குச் சொல்லு."

ரேடியோ படித்துப் படித்துச் சொன்னாள். தங்கை சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே "ம்... சரி... ம்" என்றாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஏண்டி நிறுத்திட்ட?"

"நான் வேணும்னே தப்பா சொன்னேன். நீ சரின்னுட்ட. நீ தலையாட்டிடுவம்மா. அவ ஆட்டவே மாட்டா."

தங்கை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடையைப் பாதியில் சாத்தினாள். மகளையும் கூட்டிக்கொண்டு நேரே பஞ்சர் கடைக்குப் போனாள்.

தகரப் பெட்டி வாசலிலேயே இருந்தது. அந்தப் பெண் காற்றடைத்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை தரையைப் பார்த்தபடி அவள் அப்பாவிடம் பேசினாள்.

"பிள்ளைய அனுப்பாதீங்கண்ணே. பழையபடி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரட்டும்."

"தள்ளி உக்கார வைக்கச் சொன்னதே நீங்கதானேம்மா?" என்றார் அவர். "இப்ப யாருக்காகக் கேக்கறீங்க?"

தங்கை மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். பிறகு, "என் பொண்ணுக்காகத்தான்" என்றாள். "உங்க பொண்ணு இல்லாம இவளுக்குப் படிப்பு வரல."

தொட்டியின் விளிம்பில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். அந்தப் பெண் ஈரக்கையோடு தங்கையைப் பார்த்தாள்.

"அத்தை, முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

தங்கை நிமிர்ந்தாள். "தெரியாம பண்ணிட்டேன் கண்ணு..." என்று தொடங்கி, அழுகை வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி டொக் டொக்.

"வாய மூடிட்டா எப்படிம்மா தெரியும் அவளுக்கு?" என்றாள் ரேடியோ. "நாலஞ்சு வார்த்தைதான். மெதுவா."

தங்கை முந்தானையை இறக்கினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"தப்பு என்னோடது. போகாதே. நீ வேணும்."

அந்தப் பெண் டியூபைக் கீழே வைத்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள். அப்புறம்தான் தலையை ஆட்டினாள்.