இரண்டு விரல்

குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் அந்தக் கார் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. கறுப்பு உடம்பு, சிவப்புத் தோல் இருக்கை, முன்புறம் முழுக்கப் பளபளக்கும் மரப்பலகை. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை வைத்திருந்ததும் இதே வகைதான். அதற்காகவே வாங்கினேன். "அடுப்படிக் கூரை ஒழுகுது, இவருக்குத் துரை காரு கேக்குதுலா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, எண்பதைத் தாண்டியவர். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகும், தோட்டத்தின் பழைய லயத்து வீட்டிலேயே அத்தையோடு இருக்கிறார். துரை கார் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில், இறங்காமல் மிதித்துப் போன ஒரே ஆள் அவர். அதற்காக ஒரு மாதம் வேலையில்லாமல் கிடந்தார். அத்தைக்கு அதில் அப்படியொரு பெருமை. இன்றைக்கும் யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

சிம்பாங் பூலாய் தாண்டி, தோட்டத்து மண்சாலையில் திரும்பினேன். முன்னால் ஒரு கிழவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர், காரைக் கண்டதும் சட்டென்று இறங்கினார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலையோடு ஓரத்தில் ஒதுங்கி நின்றார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன், அந்தத் துரை காட்டுவது போலவே. கடக்கும்போதுதான் முகம் தெரிந்தது. மாமா!

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இரண்டு விரலுக்கு என்ன பதில் சொல்வது? கண்ணாடியில் பார்த்தேன். புழுதி அடங்கும்வரை மனுஷன் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க்கொண்டே இருந்தேன்.

"அடேயப்பா, என் மருமகன் காரைப் பாரு!" என்று அத்தை பூரித்துப்போய், தேத்தண்ணி போட உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதானா மாப்ள?"

"ஒங்களக் கவனிக்கவே இல்ல மாமா." பச்சைப் பொய்.

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"தெரிஞ்சு எறங்கலடா. காரப் பாத்ததும் காலு தானா எறங்கிருச்சு. என்ன எழவோ! அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத மாப்ள, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். "சரி மாமா, சொல்லல" என்றேன், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவன் போல.