டேப் திரும்பும் வரை

முதல் நாள் நடந்த பேச்சு காதுக்காரிக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. அவள் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் சேர்ந்து அப்போது எட்டு மாதம். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் சூட்கேஸ். கீழே வைத்துவிட்டு முதலில் விசாரித்தது கழிவறை எந்தப் பக்கம் என்று. திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் தன் கொழுந்தன் வாசித்த வயலின் என்றார். நூற்றுப் பதினாறு கேசட். எங்கே பதிவு செய்தது என்று காதுக்காரி கேட்டாள். என் தையல் அறையில். அவர் தையல் அறையிலா வாசிப்பார்? இல்லை, பக்கத்து அறையில். அப்படியானால் டேப் ரெக்கார்டர் ஏன் தையல் அறையில் இருந்தது?

அவர் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தார். "அவருக்குத் தெரியாதும்மா."

காதுக்காரி எழுதுவதை நிறுத்தினாள்.

"ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதை அவர் முதுகுக்குப் பின்னாடி இருபத்திரண்டு வருஷம் செஞ்சா, அதுக்கு என்ன பேரு?"

காதுக்காரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். "படிவத்துல அந்தக் கேள்வி இல்லைங்க," என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே பெயரும் வைத்தார். எந்நேரமும் ஹெட்போனோடு இருப்பவள், அதனால் காதுக்காரி. அவரை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு அவருடைய நண்பர்கள் கூப்பிட்டு, தெரு கூப்பிட்டு, கடைசியில் தபால்காரருக்கும் அண்ணி.

படிவத்தில் இருந்தது ஒரே ஒரு சிக்கல். கொழுந்தன் இப்போது இல்லை; வாசித்தவர் உயிரோடு இல்லையென்றால், அவர் சார்பில் வீட்டார் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் பிரதிகளை அழித்துவிட்டு, சூட்கேஸ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொழுந்தன் கட்டிய மெட்டு ஒன்றுகூட எழுத்தில் இல்லை. அவை இருந்தது அந்தக் கேசட்டுகளில் மட்டுந்தான். நாடாக்களோ ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. அண்ணி படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ முதல்ல கேளு. நான் யோசிக்கிறேன்."

பத்து நாளுக்கு ஒருமுறை வந்து யோசித்தார். வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலையும் பார்த்துவிட்டுப் போனார். காவலாளியின் சட்டைக் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தார். காதுக்காரியின் ஹெட்போன் பஞ்சு பிய்ந்து காதோரம் சிவந்திருந்ததைப் பார்த்து விரலால் அளவெடுத்தார். அடுத்த முறை வந்தபோது பருத்தித் துணியில் இரண்டு உறை, சுருக்குக் கயிற்றோடு தயாராக இருந்தன. ஒன்று துவைத்தால் இன்னொன்று.

அவர் கதையும் அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தார். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கொழுந்தன் அங்கேயே டைம் கீப்பர்; எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பவர். ஒன்பதாம் வருடம் கணவர் போய்ச் சேர்ந்தார். கையில் ஒரு பெண் குழந்தை, ஒரு தையல் மெஷின். கொழுந்தன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் நாலு விதமாகப் பேசியது. அண்ணி மெஷினை வேகமாக மிதித்தார். பேச்சு காதில் விழவில்லை.

கொழுந்தன் தினமும் மாலை ஆறு மணிக்கு வயலினை எடுப்பார். ஒருமுறை ரேடியோ நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பதிவு செய்யக் கேட்டார். வாசிச்சது காத்தோட போகணும், பிடிச்சு வைக்கக்கூடாது என்று கொழுந்தன் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணி அப்போது வாசற்படியில் நின்றிருந்தார். அடுத்த மாதம் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி, மெஷினின் கீழ் இழுப்பறையில் வெட்டுத் துணிகளுக்கு நடுவே வைத்தார். புது மெட்டு முழுதாகக் கூடி வந்த நாளில் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து, பொத்தானை அழுத்துவார். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். தீர்ந்ததும் 'டக்' என்று பொத்தான் தானாக எழும்பும். எடுத்துத் திருப்பிப் போடுவார்.

"ஏமாத்திட்டேன். அது மட்டும் தொண்டையில நிக்குது," என்றார் ஒரு நாள். ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. பிரிவுத் தலைவர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பிரிவில் ஒரு விதி உண்டு. பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இசை இல்லாத பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட வேண்டும். காதுக்காரி அப்படியே செய்திருந்தாள். அட்டவணை போடும்போதுதான் கண்ணில் பட்டது: வெட்டிப் போட்ட துண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் வாசிப்பு இருபத்தொன்பது நிமிடம் சொச்சத்தில் முடிந்திருந்தது.

அவள் மூலக் கேசட்டுகளுக்குத் திரும்பிப் போனாள். தான் வெட்டியதை மட்டும் வரிசையாகக் கேட்டாள். வில்லைக் கீழே வைக்கும் சத்தம். தண்ணீர்ச் செம்பின் மூடி. நாற்காலியின் முனகல். பிறகு நாடா தீர்ந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கமும் இதே கதை. எழுபத்தொன்றாவது கேசட் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனாள். தையல் அறை ஒரு ஆள் திரும்பும் அகலம். ஜன்னலோரம் மெஷின், சுவரில் பள்ளிச் சீருடை அளவுகள், பக்கத்து அறைக்கு ஒரு கதவு. அண்ணி மெஷின் மேல் கையை வைத்தபடி எழுபத்தொன்றாவது கேசட்டைக் கேட்டார்.

அதைப் பதிவு செய்த அன்றைக்குக் கடையில் வழக்கமான கேசட் இல்லாமல், பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஓடுவதை வாங்கியிருந்தார். இருபத்தொன்பதாவது நிமிடம் வாசிப்பு நின்றது. வில், செம்பு, நாற்காலி. நாடா ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு கனைப்பு. வில்லால் ஒரு இழுப்பு, மறுபடி அமைதி. நாலு நிமிடம் கழித்து வேறு வழியில்லாதவர் போல வாசிக்கத் தொடங்கினார். நாற்பத்தைந்தாவது நிமிடம், பாதி மெட்டில் நாடா தீர்ந்தது. மறுபக்கம், அறுந்துபோன அதே அடியை முதலிலிருந்து எடுத்துத் தொடங்கியது. நாற்பத்துநாலாவது நிமிடம் வில் கீழே வந்தது.

"அந்த 'டக்' சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கார்," என்றாள் காதுக்காரி. "எல்லா நாளும்."

அண்ணி மெஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். "கனைச்சதைச் சளின்னு நெனச்சேன். மறுநாள் பூரா வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லாம குடிச்சாரு மனுஷன்." பிறகு, "அப்போ இருபத்திரண்டு வருஷமா ஏமாந்தது நானா?"

மெஷின் நின்றால் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று காதுக்காரி கேட்டாள்.

"டைம் கீப்பர் இல்லையா. பஸ்ஸைக் கிளப்பற மாதிரி என்னைக் கிளப்பியிருக்காரு. வாயைத் திறந்து ஒரு சரி சொல்லியிருந்தா குறைஞ்சா போயிருப்பாரு?" கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிவம் இன்னும் அதே பையில், அதே மடிப்பில் இருந்தது. கையெழுத்தைக் கோணலில்லாமல் போட்டார்.

அதற்குப் பிறகு அண்ணி இரண்டு வருடம் இருந்தார். அந்த மெட்டுகளை இன்று யார் வேண்டுமானாலும் நூலகத்தில் கேட்கலாம். மாதத்துக்கு ஒருவராவது புகார் எழுதுகிறார்: ஒவ்வொரு பதிவிலும் நடுவே பதினோரு வினாடி ஒன்றும் கேட்கவில்லை. பதிவில் குறை இல்லை என்று காதுக்காரி ஒரு வரியில் பதில் எழுதுகிறாள்.

பதினோரு வினாடி என்பது அன்று அந்த அறையில் அளந்தது. கையெழுத்துப் போட்ட பேனாவை மூடிக் கொடுத்த அண்ணி, இழுப்பறையிலிருந்து பழைய ரெக்கார்டரை எடுத்து மேலே வைத்தார். கேசட்டை வெளியே எடுத்து, திருப்பி, உள்ளே தள்ளி, மூடி, அழுத்திக் காட்டினார். காதுக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கத்தையும் ஒட்டிட்டா, அவர் காத்திருக்கவே இல்லைன்னு ஆயிடும்," என்றார் அண்ணி. "நான் திருப்பிப் போடற வரைக்கும் அந்த இடத்தை அப்படியே விட்டு வைம்மா."