ஃபோன் அடித்தால் கொழுந்தன்தான் எடுக்க வேண்டும்

ஜாமீனில் வந்த ஆளை வீட்டில் வைத்துக் காவல் காப்பது சம்பளம், லீவு, பென்ஷன் எதுவும் இல்லாத சர்க்கார் உத்தியோகம். மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும்.

நியமனம்

என் கொழுந்தன் சேகர் மத்திய சர்க்கார் குமாஸ்தா. டில்லி மோதி பாக்கில் தன் அறையை விட்டு நகராமலே கன்னியாகுமரி போய்வந்ததாகப் பொய் பஸ் பில் கொடுத்து, எல்.டி.சி. என்கிற லீவுப் பயணப் பணம் வாங்கியவர். பாதி ஆபீஸ் செய்கிற காரியம், மாட்டியது இவர். ஜாமீன் கிடைத்தது, நிபந்தனையோடு. சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எந்நேரமும் ஃபோன் வரும், அவரே எடுக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் திகார் ஜெயில்.

கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து வளர்ந்தவள் நான். "காவல் யார் சார்?" என்றேன். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்க வீட்ல சும்மாத்தானே இருக்கீங்க, மேடம்?"

குளியல்

முதல் ஃபோன் வந்தபோது சேகர் குளித்துக்கொண்டிருந்தார். சொன்னேன், ஸ்டேஷன் ஹவில்தார் நம்பவில்லை. காதில் சோப்போடு, இடுப்பில் துண்டோடு ஹாலுக்கு ஓடி வந்தார் கொழுந்தன். அங்கே என் கான்வென்ட் தோழிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கப்பையே கீழே போட்டுவிட்டாள்.

ரிசீவரைப் பிடுங்கினேன். "பாய் சாப், மனுஷன் குளிக்கக்கூட வேண்டாமா?" ஹவில்தார் கொஞ்சமும் அசரவில்லை. "பாபிஜி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னியாகுமரி போனவர் அவர். பாத்ரூமிலிருந்து எங்கே போவாரோ!"

செத்த லைன்

ஒரு மழை நாளில் லைன் செத்தது. நம் ஃபோன் செத்தாலும் கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? தகவல் சொல்ல ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஹவில்தார் ரிசீவரோடு நின்றார். "மணி போகுது, யாரும் எடுக்கலை. பாக் கயா, ஆள் ஓடிட்டான்!" என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்க்கக் காலனியே பால்கனிக்கு வந்துவிட்டது.

உள்ளே சேகர், மடியில் ஃபோனை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொடாத இட்லி. ஹவில்தார் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தார், சத்தமே இல்லை. சேகர் ஃபோனைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். "சாப், காலையிலேருந்து பாத்ரூம் போகலை. இப்போ போகட்டுமா?"

விடுதலை

அபராதத்தோடு கேஸ் முடிந்தது. கேசரி கிளறினேன். "இனிமே நீங்க எங்க வேணும்னாலும் போகலாம். முதல்ல போய்ப் பால் வாங்கிட்டு வாங்க" என்று பையைக் கொடுத்தேன். செருப்பை மாட்டினார். ஃபோன் அடித்தது. பையைப் போட்டுவிட்டு ஓடி எடுத்து, விறைத்து நின்று, "சேகர் ஹாஜிர் ஹை, சாப்" என்றார். யாரோ ராங் நம்பர்.

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் வாசல் பக்கம்கூடத் திரும்பவில்லை. "அண்ணி, நான் வெளியே போயிட்டா ஃபோனை யார் எடுப்பா?"

கோர்ட் அவரை விட்டுவிட்டது, மணி அடித்தால் இன்றைக்கும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு "சேகர்!" என்று கத்துகிற என்னை விடுவிக்க எங்கே மனுப் போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.