ரயில்வே கேட்டில் இருண்ட திரை

பஸ்ஸில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் நான். எனக்கு இடது பக்கம், இன்ஜின் பெட்டி மேல், என் மகள். அவள் மடியில் லேப்டாப். முதல் சீட்டில் பிரஸ் லைன் சூப்பர்வைசர். அவருக்குப் பின்னால் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எதிர் சீட்டில் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்ஷன் தம்பி. மற்றவர்கள் தூங்கினார்கள். காலை பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள்.

கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஏறக்கூடாது. மகளானாலும் வெளியாள்தான். சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பத்து மணிக்கு அவள் காலேஜில் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும். இன்ஜினியரிங் கடைசி வருஷம். போன வருஷம் இதே நேரத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். இவள் அடுத்த செட்டோடு உட்கார்ந்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த முறையும் போனால் திரும்பக் காலேஜ் வாசல் மிதிக்க மாட்டேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண். ஐம்பது மார்க் வந்தால் பாஸ்.

நான் எட்டாவது வரை. அவள் செய்தது எனக்குப் பாதிதான் புரியும். ஃபேக்டரி லைனில் ஒரு மெஷின் நின்றுபோனால், எது, எங்கே என்று திரையில் காட்டும். அவ்வளவு புரிந்தது. மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து செய்தாள். கடைசியாகத் திருத்தியது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அது செகண்ட் ஹேண்ட்.

முந்தின நாள் காலேஜில் சொல்லிவிட்டார்கள். திருட்டு சிடியில் போட்ட சிஸ்டத்தில் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டோம், காசில்லாமல் யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறதே லினக்ஸ், அதைப் போட்டுக்கொண்டு வா என்று. சாயந்திரம் கூடப் படிக்கிற பெண் ஒருத்தி சிடியோடு வந்தாள். மகள் எழுதிய ப்ராஜெக்டை ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய சிஸ்டத்தை எடுத்துப் புதியதைப் போட்டார்கள். போடும்போது திரை நன்றாக இருந்தது. முடிந்து, அணைத்து, மறுபடி ஆன் செய்தார்கள். எழுத்து எழுத்தாக ஓடியது. உள்ளேயிருந்து மத்தளம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதோடு திரை கறுப்பாகிவிட்டது. எத்தனை முறை போட்டாலும் அப்படியே. மத்தளம், பிறகு இருட்டு. அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். என் மகள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

என் மனைவி லேப்டாப்பில் இருந்த மாதாவைத் தொட்டு ஜெபம் செய்தாள். எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் மாதா ஒட்டுவோம். சைக்கிள், மொபெட், நான் ஓட்டுகிற பஸ், எல்லாவற்றிலும் உண்டு. லேப்டாப் வந்த அன்றும் ஒட்டினாள். வேளாங்கண்ணியில் வாங்கிய காந்த மாதா, காசு அளவில் தட்டையாக இருக்கும். பிளாஸ்டிக்கில் காந்தம் நிற்காது என்று, அடியில் பசை டேப் போட்டு எழுத்துப் பட்டன்களுக்குக் கீழே ஓரமாக அழுத்திவிட்டாள்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஆள் ஒருவர்தான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டில் என் பஸ் ஏறுகிற அந்தத் தம்பி. அதுவரை அவரிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அன்று ஏறியதும் கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தேன்.

அவர் போட்டார். மத்தளம் கேட்டது. இருட்டு. பார்க்காமலே ஏதேதோ அடித்தார். அணைத்தார். மறுபடி போட்டார். பாட்டரி பழசு, நிற்காது என்று மகள் சொன்னாள். அவர் தலையாட்டினார். சார்ஜர் வயர் தடுக்குகிறது என்று அதை எடுத்து இன்ஜின் பெட்டி மேல் வைத்தாள்.

"உள்ள ஓடிக்கினுதான் கீதுண்ணே. காட்டத்தான் மாட்டேங்குது" என்றார் தம்பி.

ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். நம்ம லைன் மெஷின் மாதிரிதான், உசுரு இருக்கும், பேச்சு இருக்காது என்றார்.

எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி போட்டுத் தரலாம் என்று தம்பி சொன்னார். அவள் எழுதியதும் போய்விடும். வேண்டாம் என்றாள். அவர் லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெயில் நேராகத் திரையில் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி எழுத்து தெரிகிறது என்றார்.

"படம் இருக்குதும்மா. பின்னாடி லைட்டுதான் எரியல. ட்யூப் போயிருக்கும். ஸ்க்ரீன் மாத்தணும்."

எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் கேட்டாள். மெட்ராஸில் கொடுத்தால் ஒரு வாரம் என்றார்.

"சரிண்ணா. தேங்க்ஸ்ணா."

வாங்கி மூடினாள். மூடிய லேப்டாப்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தேன். அவள் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ரிப்பேர் என்றால் பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஏதாவது செய்வேன். இதில் எனக்குப் படுக்க இடமில்லை.

ஒரு கூட்ஸ் போனது. கேட் திறக்கவில்லை. எதிரில் இன்னொரு வண்டி வருகிறது என்றார்கள்.

சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்தார். ஃபிட்டர் பக்கம் திரும்பினார்.

"இன்னாபா, உன் காந்தத்தை வெச்சு இதையும் ஓட்டிக் காட்டேன்."

அந்த வாரம்தான் ஃபிட்டருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். பஸ் முழுக்கத் தெரியும்.

"மெமோ குடுத்தாச்சுல்லா சார். பொறவு எதுக்கு பஸ்ஸுலயும் இந்தப் பேச்சு?"

என் மகள் தலை தூக்கினாள். "எந்தக் காந்தம்ணே?"

ஃபிட்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தகடு அழுத்துற பிரஸ்ஸுக்கு முன்னால கதவு உண்டும்மா. கதவுல ஒரு காந்தம். மூடுனா அது சுவிட்சு பக்கத்துல வரும், அப்பதான் மிஷின் ஓடும். ரிப்பேர் பாக்கும்போ கதவைத் தொறந்து வச்சு ஓட்டணும்லா? அதுக்கு வேற ஒரு காந்தத்த அங்கன ஒட்டிருவோம். கதவு தொறந்துதான் கெடக்கும். மிஷின் மூடியிருக்குன்னு நெனச்சுக்கிடும்."

கை போனா யாரு ஜவாப்பு, அதுக்குத்தான் மெமோ என்றார் சூப்பர்வைசர்.

மகள் அதைக் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். திரையைப் பார்க்கவில்லை. மாதாவைப் பார்த்தாள். நகத்தால் கிளப்பினாள். டேப் காய்ந்து இறுகியிருந்தது, நகம் மடங்கியது. கம்ப்யூட்டர் தம்பி கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் ஓரத்தை விட்டு நெம்பினாள். வந்துவிட்டது.

திரை எரிந்தது.

அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்ததை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். லேப்டாப் மூடியிலும் அந்தக் கதவு மாதிரி ஒரு காந்தம் உண்டு, மாதாவின் காந்தத்தை அதென்று எடுத்துக்கொண்டு, மூடி சாத்தியிருக்கிறது என்று நினைத்து அது விளக்கை அணைத்துவிட்டது என்று அவள் சொன்னாள். பழைய சிஸ்டத்தில் மூடினாலும் அணையாதபடி விற்றவன் வைத்திருப்பான் என்றார் தம்பி. புதியது, மூடினால் அணைக்க வேண்டும் என்கிறபடி நடந்திருக்கிறது.

மாதாவை என் உள்ளங்கையில் வைத்தாள். "நீயே வெச்சுக்கப்பா. அம்மாகிட்ட சொல்லாதே."

ஸ்பீடோமீட்டர் ஓரத்தில் இருந்த மாதா பக்கத்தில் அதை ஒட்டினேன். இரும்பில் டக்கென்று ஒட்டியது. கேட் திறந்தது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஓடிப்போய் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். பஸ்ஸை உள்ளே ஓரம் கட்டிவிட்டு, சீட்டில் ஏதாவது விட்டுவிட்டார்களா என்று பார்க்கிறது வழக்கம். இன்ஜின் பெட்டி மேல் சார்ஜர் கிடந்தது.

கையில் எடுத்தேன். இன்ஜின் சூட்டில் கதகதவென்று இருந்தது. பாட்டரியில் பாதியை நாங்கள் கேட்டிலேயே தின்றுவிட்டோம். அடுத்த டிரிப்புக்கு மண்ணூர்ப் பக்கம் ஆள் காத்திருந்தது. காலேஜ் அந்த வழியில் இல்லை. அவளிடம் போன் இல்லை. டிரிப்புக்கு முன்னால் ஒரு எட்டு போய்வர வெளியே விடச் சொல்லி செக்யூரிட்டியிடம் கேட்டேன். ஏன் என்றான். சொன்னேன். சார்ஜர் கொடுக்கப் போக கேட் பாஸ் கிடையாது என்றான். அவன் மேல் தப்பில்லை. அன்று முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். மாதாக்கள் இரண்டும் எதிரில் ஆடாமல் இருந்தன. அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் சார்ஜரை மேஜையில் வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு அவள் சொன்னாள்:

"பாதி காட்டினேன்பா. அணைஞ்சிடுச்சு. மீதிய வாயால சொன்னேன்."

மாதா கூட இருந்தாளா என்று அவள் அம்மா கேட்டாள். பஸ்ஸில் இருந்தாள் என்றேன்.

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ரிசல்ட் அன்று நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாண்டில் பஸ்ஸோடு நின்றிருந்தேன். அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, மேலே பார்த்து, மார்க்கைச் சொன்னாள்.

ஐம்பத்தொன்று.