தலைக்குக் குளிக்காமல் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன நாள்

எங்கள் அக்கா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், அக்காவிடம் விளையாட்டுப் படித்த பிள்ளைகளுக்கும் தங்கையாகிய என் வணக்கம். படுக்கையில் இருந்தபோதே அக்கா எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "ஏளா, என் மலர்ல ஆலமரம் சாஞ்சிட்டு, குலவிளக்கு அணஞ்சிட்டுன்னு எழுதி வச்சிராத. என் நெஞ்சுத் துடிப்புக் கதைய எழுது. நாலு பொம்பளைகளுக்காவது ஆகும்." தூரம், தீட்டு என்று மாதவிலக்குப் பேச்செல்லாம் நினைவு மலரில் எதற்கு என்று எங்கள் சித்தப்பா முகம் சுளித்தார். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்காவின் சொல்லைத் தட்டும் தைரியம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அக்கா சேரன்மகாதேவியில் பிறந்தார், எங்கள் வீட்டில் மூத்தவர். ஆற்றில் அக்கரை வரை நீந்தித் திரும்புகிற பெண் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்த நீச்சல் என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அக்கா நீந்திக்கொண்டே இருந்தார். எங்கள் சிறு வயதிலேயே அப்பா காலமாகிவிட, அக்கா உடற்கல்வி படித்து, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்து எங்களை எல்லாம் கரையேற்றினார். தன் கல்யாணத்தை அதற்குப் பிறகுதான் யோசித்தார். அத்தானுக்கு மின்வாரியத்தில் வேலை, அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய அம்மாவை நாங்களும் அத்தை என்றே அழைத்தோம். அத்தை அதிர்ந்துதான் பேசுவார்.

இரண்டாவது பிள்ளை பிறந்து சில ஆண்டுகளில் அந்தத் தொல்லை தொடங்கியது. ஒரு காரணமும் இல்லாமல் அக்காவின் நெஞ்சு திடீரென்று விசைத்தறி ஓடுகிற வேகத்தில் அடிக்கும். வியர்க்கும், கண் இருட்டும், பிறகு தானே நின்றுவிடும். டாக்டரிடம் போனால் ஈசிஜி சுத்தமாக இருக்கும். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மனச அலட்டிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பார். யாரோ திருநீறு மந்திரித்துக் கொடுத்தார்கள். யாரோ வேலையை விடச் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள், பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருக்கும்போது அக்கா மைதானத்திலேயே மயங்கி விழுந்தார். தலைமையாசிரியை கனிவாகத்தான் சொன்னார்: "இனி நீங்க தையல் வகுப்பப் பாத்துக்கோங்க டீச்சர். மைதானம் வேண்டாம்." அப்பா போனபோதுகூட அக்கா அப்படி அழவில்லை. "பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிட்டேன்ளா. எனக்கா பயம்?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. உயிர் போகிற அவசரம் என்று தோன்றினால் ஒழிய, தூரமான நாட்களில் பெண்கள் டாக்டரிடம் போவதில்லை. கட்டிலில் படுக்க வேண்டும், உடுப்பைத் தளர்த்த வேண்டும், அந்நியர் தொடுவார்கள். "தலைக்குக் குளிச்சிட்டுப் போ" என்பது அத்தையின் சட்டம், எங்கள் அம்மாவின் சட்டமும் அதுவே. மைதானத்தில் விழுந்த அன்றும் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கியது வீட்டில்தான், குளித்த பிறகே ஆஸ்பத்திரி. படபடப்பு வந்ததெல்லாம் தூரத்துக்கு முந்தின நாட்களிலும் தூரமான தொடக்கத்திலும். அடங்கிய நெஞ்சைத்தான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தோம்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இதய டாக்டரம்மாதான் முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இது தூரத்துக்கு முன்னால வருதா, பின்னால வருதா?" அக்கா விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

பெண்ணுடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை, இதயத்தின் மின்னோட்டத்தையும் அவை தொடும் என்று டாக்டரம்மா விளக்கினார். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்ட்ரோன் ஓங்கியிருக்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும். பிறவியிலேயே இதயத்தில் ஒரு மின்பாதை கூடுதலாக அமைந்த பெண்களில் சிலருக்கு, அந்த நாட்களில் மின்னோட்டம் வழி மாறி அங்கேயே சுற்றத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் இப்படி வராது. அத்தானுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது, மின்வாரியத்துக்காரர் அல்லவா. "அடுத்த தடவ அடிக்கும்போதே வந்திருங்க. எதுக்காகவும் நிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்த மாதம் ஒரு காலையில், நான் அக்கா வீட்டில் இருந்தபோது அது வந்தது. அன்றுதான் தூரமும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அத்தை வாசலை மறித்து நின்றார்.

"எங்கன கிளம்பிட்ட, இந்தத் தீட்டோட? தலைக்கு ரெண்டு செம்பு ஊத்திட்டுப் பைய போளா."

"குளிச்சிட்டுப் போனா அது அடங்கிரும் அத்தை. அடிக்கும்போதே கையோட பிடிச்சிக் காட்டணும்."

அத்தை அக்காவின் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு துடிப்பது வெளியே தெரிந்தது. என்ன நினைத்தாரோ, படியிறங்கிப் போய், தெருவில் வந்த ஆட்டோவைத் தானே கைதட்டி நிறுத்தினார்.

ஈசிஜி தாளில் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்தன. டாக்டரம்மா அதைக் கிழித்துக் காட்டி, "பிடிச்சிட்டோம்" என்றார். நெஞ்சு அந்த ஓட்டம் ஓடிக்கொண்டிருக்க அக்கா சிரித்தார். "பாத்தியாளா? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னாங்களே. இருக்கு." தனக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை.

மதுரையில் சிகிச்சை நடந்தது. மற்ற நாட்களில் அந்தப் பாதை தன்னைக் காட்டாமல் போகலாம் என்பதால் அதையும் தூரத்தை ஒட்டியே வைத்தார்கள். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை செலுத்தி, அந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். பிறகு அந்தப் படபடப்பு அக்காவிடம் திரும்பவே இல்லை. தையல் வகுப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனார். அந்த வருடமே அவருடைய பிள்ளைகள் கோ-கோவில் கோப்பை வாங்கி வந்தார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கரையில் நின்று கத்தக் கத்த, அக்கரை போய்த் திரும்பினார். "எனக்கா பயம்?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

அத்தை அதன்பின் ஆளே மாறிவிட்டார். தெருவில் எந்தப் பெண் நெஞ்சு படபடக்கிறது என்றாலும், "குளிக்கவெல்லாம் நிக்காத, இப்பமே போ" என்று விரட்டுவார். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும், வயது ஏற ஏற வேறு வகைத் துடிப்புக் கோளாறும் வரலாம் என்று தெரிந்துகொண்ட அக்கா, தன் நாடியோடு மற்றவர் நாடியையும் விடாமல் பார்த்தார். கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தப்பியதில்லை.

அக்காவைக் கொண்டுபோனது ஈரலில் வந்த புற்று. கடைசி நாட்களில் நர்ஸ் பெண் ஒருத்தி திரையைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு பாட்டி" என்றாள். அக்கா கண் திறந்தார். "அது எனக்குத் தெரியும். பாட்டின்னு சொல்லாத." அந்த நெஞ்சு முடிவு வரை சீராகத்தான் அடித்தது.

கேட்க வேண்டியதைக் கேட்ட டாக்டரம்மாவுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், அக்காவுக்கு முன்னே போய்ச் சேர்ந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முகம் சுளித்த சித்தப்பாவுக்கும் நன்றி, இந்தக் கட்டுரைக்குப் பிழை திருத்தித் தந்தவர் அவர்தான்.

பதினாறாம் நாளன்று அக்காவின் பழைய கோ-கோ பிள்ளை ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் சொன்னாங்கன்னு தூரத்தோடயே போனேன்க்கா. எனக்கும் ஈசிஜில பிடிச்சிட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன்" என்றாள். அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். சீராக அடித்தது.

அக்கா, நீ சொன்னபடி எழுதிவிட்டேன். ஆலமரம் எதுவும் சாயவில்லை.