இரட்டை மின்னல் கேசட்டும் ஒரு ரப்பர் பேண்டும்

1. ஹெட்டில் விரல் வைக்காதே

ரெக்கார்டிங் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி அண்ணாச்சி எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி பேச்சி, ஹெட்டுல விரல வைக்காத" என்பதுதான். அதுவரை தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள் நான். விரலில் பசை காயாமல் வந்து நிற்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

போனில் விரலால் தள்ளிப் பாட்டுக் கேட்கும் உங்களுக்கு அந்தக் கடையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலத்தில் கடை. முன்னால் கவுன்டர், பின்னால் ஒரு சின்ன அறை. ஜனங்கள் ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்து நாங்கள் கேசட்டில் பதிந்து கொடுப்போம். டேப் உரசிப் போகிற ஹெட்டை தினமும் காலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். மோட்டார் சுற்றுவதை சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். பதிந்து முடித்ததும் அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதியாது.

ஆறு மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டேன். எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்று அண்ணாச்சியே வாய்விட்டுச் சொன்னார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2. பாடுகிறவர் இல்லாத குழு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். தம்பி செல்வம் கீபோர்டு வாசிப்பவன். அவர்களுடைய அப்பா எட்டு ஆட்டை விற்று வாங்கிக் கொடுத்த கீபோர்டு அது. அக்கா கனி ரிதம் பேட் வாசிப்பவள். குச்சியால் தட்டினால் உறுமி, மணி, இடி என்று எந்தச் சத்தமும் போடுகிற மின்சாரப் பலகை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அதைத் தட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழுவுக்குப் பெயர் இரட்டை மின்னல்.

"யாரு பாடுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"யாரும் பாட மாட்டாவ அண்ணாச்சி. எல்லாம் நாங்களே போட்ட மெட்டு. கரண்டுச் சத்தம் மட்டுந்தான்" என்றான் செல்வம்.

"பாட்டே இல்லாம கேசட்டா? நல்லாருக்குல கத, சோறில்லாம பந்தி வச்ச மாதிரி!"

அப்படிச் சொன்னாரே தவிர, ஒரு மெட்டைக் கேட்டதும் நாள் குறித்துவிட்டார்.

குறித்த நாளில் வெறும் கேசட் வாங்க அண்ணாச்சி மதுரைக்குப் போகும்படி ஆனது. "நீயே பதிஞ்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கனி தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். செல்வம் டெம்போ பிடித்து ஊரிலிருந்து சாமான்களைக் கொண்டு வந்திருந்தான். பின்னறையில் எல்லாம் மாட்டி முடித்து, கேசட் பதிகிற டெக்கை ஓட விட்டேன். டப்பென்று பெல்ட் அறுந்தது.

மாற்றுப் பெல்ட் இல்லை. பெல்ட் அறுந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அண்ணாச்சி என்னை நம்பி விட்டுப் போன முதல் வேலை அது. வாய் வரவில்லை. கேசட் அட்டைகளைக் கட்டியிருந்த ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றி, பெல்ட் இருந்த இடத்தில் மாட்டினேன். சக்கரம் சுற்றியது. அவர்கள் ஆறு மெட்டு வாசித்தார்கள். கடைசி மெட்டுக்கு 'மணியாச்சி வண்டி' என்று பெயர். பாசஞ்சர் வண்டி மணியாச்சியில் வந்து நின்று மறுபடி கிளம்புவதைச் சத்தத்திலேயே செய்திருந்தார்கள். கண்ணை மூடினால் இஞ்சின் புகை மணக்கும்.

முடிந்ததும் அதே டெக்கில் போட்டுக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. பல்லை உடைத்து, மாஸ்டர் என்று எழுதி வைத்தேன். சாயங்காலம் அண்ணாச்சி மதுரையிலிருந்து கொண்டு வந்த சாமான்களில் புதுப் பெல்ட்டும் இருந்தது. அவருக்குத் தெரியாமல் அதை மாட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த மாஸ்டரை வைத்துக் காப்பி போட ஆரம்பித்தோம். காப்பி போடும்போது சத்தத்தை மூடிவிட்டு மீட்டர் முள் ஆடுவதை மட்டும் பார்ப்பது எங்கள் வழக்கம்.

3. கொடையில் கேட்டது

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த ரேடியோ செட்டுக்காரர்தான் முதல் காப்பியை வாங்கியவர். குழாய் ஸ்பீக்கரில் அதைப் போட்டார். நாலு தட்டு கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. பதியும்போது ரப்பர் பேண்ட் வழுக்கி டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதே டெக்கில் கேட்டபோது அதே மெதுவில் ஓடியதால் சரியாகத் தெரிந்திருக்கிறது. சரியான மிஷினில் போட்டால் எல்லாம் வேகமாக, சுதி ஏறி, கொஞ்சம் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது.

ஊரே ஆடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

அந்த வேகம்தான் ஜனங்களுக்குப் பிடித்துப் போனது. விளாத்திகுளம் வரைக்கும் கேசட் போனது. ஒரு வாரம் கழித்து செல்வம் வந்தான். பின்னால் கனி. அவன் முகத்தில் சந்தோஷமும் குழப்பமும் சேர்ந்து இருந்தன.

"யக்கா, நான் இவ்வளவு வெரசாவா வாசிச்சேன்?"

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

"நீதான வாசிச்ச? வேற யாரு வாசிச்சா? பயத்துல கை ஓடியிருக்கும்" என்றேன்.

"சுதியும் ஏறியிருக்கே."

"சுதிய ஏத்துத டிரான்ஸ்போஸ் பட்டனத் தட்டியிருப்ப."

அவன் நம்பினான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்த வேகத்தைப் பிடிக்கப் பார்த்து, பார்த்து, அவன் கை தடுக்கியது. போகிற ஊரிலெல்லாம், "ஏலே, கேசட்டுல மாதிரி வாசில!" என்று கத்தினார்கள். எட்டயபுரம் பக்கம் ஒரு கொடையில், பாதியில் எழுந்து கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டானாம். இரண்டு கொடைக் காலம்தான் தாங்கியது. கனி கல்யாணமாகிக் குளத்தூருக்குப் போனாள். செல்வம் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி வெட்டுகிற வேலைக்குப் போனான். போகும்முன் கடைக்கு வந்து, "இனிமே காப்பி போடாதிய அண்ணாச்சி. கேட்டுட்டு மறுபடியும் வாசிக்கக் கூப்பிடுவாவ. என்னால முடியல" என்றான்.

வாசித்தவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அண்ணாச்சி மாஸ்டரை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார்.

4. கேட்டு வந்தவர்கள்

சில வருஷத்தில் அண்ணாச்சி கடையை என்னிடம் விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் வந்தது, சீடி எழுதும் மிஷின் வந்தது. கேசட் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் இரட்டை மின்னல் கேட்டு வருகிறவர்கள் மட்டும் குறையவே இல்லை. இருந்த காப்பியெல்லாம் தேய்ந்தும் சிக்கியும் போயிருந்தன. ஒரு லாரி டிரைவர், அறுந்த டேப்பை நகப் பாலிஷ் வைத்து ஒட்டிக்கொண்டு வந்து, "இதுல பாதிதான் இருக்கு, மீதி உங்க கிட்ட இருக்கும்லா?" என்றார். தீப்பெட்டி ஆபீசுப் பெண்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து வந்து சீடியாகப் போடச் சொல்லிச் சண்டையே போட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். "அவிய போடக் கூடாதுன்னு சொல்லிட்டாவ." பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம்.

எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டு வருகிற ஒருவர் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"கேசட்டு தேஞ்சு ஒண்ணும் கேக்கலம்மா. ஆட்டுக்குப் பின்னால போகையில நானே வாயால வாசிச்சுக்கிடுதேன். மணியாச்சி வண்டியில நடு எடம் மட்டும் மறந்துபோச்சு. அதுகிட்ட வந்ததும் நின்னுருதேன். அந்த எடத்த மட்டும் ஒருக்கா கேட்டாப் போதும்."

"அவிய வேண்டாம்ங்காவ."

"அப்படி அவியளுக்கு நம்ம மேல என்ன கோவம்?"

அவர் போன பிறகு பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கும் அந்த நடு இடத்தைக் கேட்க வேண்டும்போல இருந்தது. எத்தனையோ வருஷமாக இருந்தது.

5. மோட்டாருக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ

புதியம்புத்தூருக்குப் போனேன். செல்வம் துணி அடுக்கின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கீபோர்டோடு கடைக்கு வா, கனியையும் வரச் சொல் என்றேன்.

"அந்த விசயம்னா வேண்டாம்க்கா. என் கை எப்பவோ போயிட்டு" என்றான். அவன் வருத்தமில்லாமல் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு நேராகச் சொன்னேன். "செல்வம், அன்னைக்கு பெல்ட் அறுந்துட்டு. ரப்பர் பேண்ட போட்டு ஓட்டினேன். நீ வெரசா வாசிக்கல. என் டெக்குதான் மெதுவா ஓடிச்சு. தெரிஞ்சும் உங்கிட்ட மறைச்சேன்."

அவனுக்குப் புரியவில்லை. பழைய டெக்கைத் திறந்தேன். மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ. கீபோர்டில் மணியாச்சி வண்டியின் முதல் கட்டையை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மாஸ்டரை ஓட விட்டு, டேப்பின் சுதி கட்டையின் சுதியோடு சேரும் வரை ஸ்க்ரூவை மெல்லத் திருகினேன். சேர்ந்தது. டேப்பை முதலிலிருந்து விட்டேன்.

வண்டி நிதானமாக வந்தது. செல்வம் கீபோர்டை விட்டுவிட்டுக் கவுன்டர் பலகை மேல் பத்து விரலையும் வைத்தான். டேப்போடு சேர்ந்து விரல்கள் நடந்தன. ஒரு இடத்திலும் பிந்தவில்லை, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடியும் வரை நானும் கனியும் அந்த விரல்களைத்தான் பார்த்தோம்.

"இது என் கைதான்" என்றான்.

"என் மணிக்கட்டுக்கு அன்னைக்கே தெரியும்ல. நான் அவ்வளவு வெரசா தட்டல. நீ அவ்வளவு சந்தோசமா இருந்த, சொல்ல மனசு வரல" என்றாள் கனி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

செல்வம் என்னைத் திட்டவில்லை. "எட்டு வருசம்க்கா" என்று மட்டும் சொன்னான். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "சீடி போடுங்க. ஜனங்க கேட்டது வேகமா உள்ளதத்தான், அப்படியே போடுங்க. மணியாச்சி வண்டிய மட்டும் கடைசில இன்னொரு தடவ என் வேகத்துல போட்டுருங்க."

6. கற்றுக்கொண்டது

சீடி வந்ததும் ஆட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். மறந்த நடு இடம் வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டார். கடைசியில் செல்வத்தின் வேகத்தில் அதே மெட்டு வந்தது. தலையைச் சாய்த்து முழுதும் கேட்டார்.

"இதுலதாம்மா வண்டி மணியாச்சில நிக்குது. அதுல நிக்காமலே ஓடிருச்சு" என்றார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பெல்ட் எல்லோருக்கும் அறுந்து போகும். ரப்பர் பேண்ட் போட்டதற்காக நான் இன்று வருத்தப்படவில்லை. செல்வம் வந்து கேட்ட அன்று 'நீதான வாசிச்ச' என்றேனே, அதற்குத்தான் வருத்தப்படுகிறேன். பிசகியது மிஷின் என்றால் மிஷின் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எதிரில் நிற்கிறவர் தன்மேல் போட்டுக்கொள்வார்.

செல்வம் அதன் பிறகு மேடை ஏறவில்லை. அவன் வாசித்து ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாசி என்று கேட்கத்தான் எனக்கு வாய் இல்லை.