மூத்தவன் போட்ட சாட்சி

உயில் எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னதும் மூத்தவன் பிளைட் ஏறி வந்து இறங்கினான். அவன் அப்பா இறந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னவன். கையில் அல்வா. எனக்குச் சர்க்கரை வியாதி என்பது அவனுக்குத் தெரியாது.

இந்தத் தீவில், டாலிகஞ்சில், இந்த வீடும் முன்பக்கத்துக் கடையும் என் பேரில் இருக்கின்றன. இட்லி விற்று நான் கட்டியவை. இளையவன் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் ஹேவ்லாக் தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெங்காலிப் பெண் என்னோடு இருக்கிறாள். மூத்தவனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"அவள அவ வீட்டுக்கு அனுப்பிரும்மா. வித்துட்டு மெயின்லேண்ட் வந்துரு. இங்க நல்ல முதியோர் இல்லம் இருக்கு" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

வக்கீல் உயிலை எழுதியே கொண்டுவந்திருந்தார். சாட்சிக்கு எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் முன்னால் மூத்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒன்னும் வேணாம்மா. நீ நல்லா இருந்தாப் போதும்" என்றான்.

"கேட்டீங்கல்ல வக்கீல் சார்? அப்ப ரெண்டாவது சாட்சி இவனே போடட்டும்."

நான் கைநாட்டு வைக்கிறவள் இல்லை. என் பேரை எழுத்துக் கூட்டி நானே போட்டேன். தெலுங்குக்காரரும் போட்டார். மூத்தவன் பேனாவை வாங்கியதும் வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம். உயில்ல உங்க பேருக்கு எதுவும் இல்ல. சாட்சி போட்டுட்டா பின்னால எதிர்த்து வழக்குப் போடுறதும் கஷ்டம். சம்மதந்தானே?"

"எம்மா..."

"போடுப்பா. ஒன்னும் வேணாம்னு நீதான சொன்ன? நானா சொன்னேன்?"

தெலுங்குக்காரர் அவன் முதுகைத் தட்டி, "அச்சா பேட்டா!" என்று இந்தியில் மெச்சினார். இனி எப்படி மறுப்பான்? போட்டான். அவ்வளவு படித்தவன் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. என்னுடையது நேராக இருந்தது.

வீடு யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. சாயா கொண்டுவந்தவளைப் பார்த்தான், தெரிந்துகொண்டான். புறப்படும்போது அல்வாவை அவன் பையிலேயே திரும்ப வைத்தேன்.

அவன் போனதும் அவள் அழுதுகொண்டு என் காலில் விழுந்தாள்.

"எந்திரி. வீடு நான் செத்தப்புறந்தான். அதுவரைக்கும் உயில எத்தன தடவ வேணாலும் மாத்தலாம். வக்கீல்ட்ட கேட்டுட்டேன். இன்னைக்கு சாம்பார்ல உப்பே இல்ல. சம்ஜி, புரிஞ்சுதா?"

"ஜி, மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது.